கார்டுக் கூலி யார் தலையில்

லியோனிதா நொப்லேசா என்று கேட்டால் பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில் யாருக்கும் தெரியாது. நீடா என்றால் தெரியும். சேவற்கட்டுக் களத்தில் பந்தயம் கூவினாளே அந்த நீடா என்றால், தலையை ஆட்டிச் சிரிப்பார்கள்.

சேவல்களைக் களத்தில் இறக்குவதற்கு முன், இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பந்தயம் கேட்பவர்களை அங்கே கிறிஸ்து என்பார்கள். சிலுவையில் அறையப்பட்டவர் மாதிரி நிற்பதால் வந்த பெயர். அது ஆண்கள் வேலை. நீடா அந்தக் களத்தில் அவித்த வேர்க்கடலைதான் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூவ வேண்டியவன் குடித்துவிட்டு எங்கோ விழுந்து கிடக்க, இவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் இடத்தில் போய்க் கையை விரித்தாள். கடலைக்காரிக்கு வந்த ஆசையைப் பார் என்று ஆட்கள் உட்கார்ந்திருந்த படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. சண்டை முடிந்ததும் யார் யாரோடு எவ்வளவு கட்டினார்கள் என்பதை மனசிலிருந்தே சொல்லி, தோற்றவனிடம் வாங்கி ஜெயித்தவனிடம் கொடுத்தாள். ஒருவர் கணக்கும் தப்பவில்லை. அடுத்த வாரம் அவளைத் தேடி வந்தார்கள்.

அந்தத் தொழிலில் கூவுகிறவருக்குக் கூலி, ஜெயித்தவன் பணத்தில் பத்தில் ஒரு பங்கு. கட்டுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. தோற்றவனிடம் யாரும் கமிஷன் கேட்கமாட்டார்கள்.

கொரோனா வந்து களத்தை மூடினார்கள். அவள் கணவன் எல்மர், மூன்று சக்கர வண்டிகளுக்குப் பெட்டி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தான். அந்தப் பட்டறைக்கும் பூட்டு விழுந்தது. மோலோவில் அவர்கள் குடியிருந்த சந்தில் அப்போது அடுப்பு தவறாமல் எரிந்த வீடு ஜெமலினுடையது மட்டும்தான். இருபத்தாறு வயதுப் பெண். புருஷன் கப்பலில். அவள் தினமும் சாயங்காலம் செல்போனை ஒரு கம்பில் மாட்டிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து நேரலையில் படுக்கை விரிப்பு விற்பாள்.

அவள்தான் ஒருநாள் வேலிப் பக்கம் வந்து, "மானாங், உங்க தொண்டைக்கு இதெல்லாம் தூசு. ஒரு வாட்டி உக்காந்து பாருங்க" என்றாள். தன்னைவிட மூத்த பெண்ணை அங்கே மானாங் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கம்பெனியின் பெயர் சிலாக். மின்சாரச் சோற்றுப் பானை, வாணலி, மின்விசிறி, விரிப்பு என்று வீட்டுச் சாமான்கள். சரக்கு கம்பெனியுடையது, அனுப்புவதும் அவர்கள். வாங்குகிறவர்கள் பணத்தைக் கம்பெனிக்கே கட்டுவார்கள். விற்றுக் கொடுப்பவருக்கு நூற்றுக்கு எட்டு. சம்பளம் கிடையாது. விற்கிறவர்களைக் கம்பெனி பார்ட்னர் என்று அழைத்தது.

முதல் நாள் நீடா செல்போனைப் பார்த்து எப்படிப் பேசுவது என்று கொஞ்சம் தடுமாறினாள். பிறகு அது சேவற்கட்டுப் படிக்கட்டு என்று நினைத்துக்கொண்டாள். வாணலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "யாருக்கு வேணும், கடைசி மூணு, பச்சச் சட்டக்காரர் என்ன யோசிக்கிறீரு, பொண்டாட்டிகிட்ட கேக்கணுமா" என்று ஆரம்பித்தாள். பச்சைச் சட்டைக்காரர் யாரும் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவனும் தன் சட்டையைக் குனிந்து பார்த்திருப்பான். திரையில் "மைன்", அதாவது எனக்கு, என்று முதலில் எழுதுபவருக்குத்தான் பொருள். மைன், மைன், மைன் என்று எழுத்துகள் மழைத் துளி போல ஓடின. எதிர்வீட்டுக்காரி முதல் ரியாத்தில் நர்ஸாக இருக்கும் பெண்கள் வரை அவளைப் பார்க்க உட்கார்ந்தார்கள். இரண்டே வருடத்தில் சிலாக்கின் இலோயிலோ பிரிவில் அவளுக்கு மேலே யாரும் இல்லை. வீட்டுக்குப் புதிய தகரக் கூரை வந்தது. எல்மர் பட்டறை திறந்தும் அரை நாள்தான் போனான்; மீதி நேரம் பின்னால் நின்று அவளுக்கு அடுத்த சாமானை எடுத்துக் கொடுத்தான்.

தகராறு கார்டில் ஆரம்பித்தது.

ரொக்கமாக வாங்குகிறவர்களில் பாதிப் பேர், சரக்கு வாசலுக்கு வரும்போது வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள், ஆகவே இனி கிரெடிட் கார்டில் கட்டச் சொல்லுங்கள், தவணை வசதியும் உண்டு, வட்டி இல்லை என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். நீடாவும் அப்படியே கூவினாள். விற்பனை கூரையைப் பிய்த்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதம் அவள் விற்ற அளவு யாரும் விற்றதில்லை. ஆனால் கைக்கு வந்த பணம் அதற்கு முந்தைய மாதத்தைவிடக் குறைவு.

தப்பாக ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்தாள். ஜெமலினிடம் கேட்டாள். அவளுக்கும் அப்படித்தான். இருவரும் கம்பெனிக்குச் செய்தி அனுப்பிக் கேட்டபோது ஒரே வரியில் பதில் வந்தது: கார்டு வழியாக வரும் விற்பனைக்கு வங்கி எடுக்கும் கூலி பார்ட்னரின் கமிஷனிலிருந்து கழிக்கப்படும். கார்டென்றால் நூற்றுக்கு மூன்று. தவணையென்றால் ஐந்து. அதாவது தவணையில் ஒரு விசிறி விற்றால் அவளுடைய எட்டில் மூன்றுதான் மிஞ்சும். வட்டியில்லாத் தவணை என்று அவள் தொண்டை கிழியக் கூவியதற்கு, அந்த வட்டியை அவளே கட்டியிருக்கிறாள்.

அதையும் விழுங்கியிருப்பாள். டிசம்பரில் சோற்றுப் பானைகள் திரும்பி வந்தன. ஒரு முழு லாரிச் சரக்கும் பழுது; சோறு அடிப்பிடித்தது, சிலருக்கு ஷாக் அடித்தது. கம்பெனி வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. நீடாவின் கமிஷனையும் திரும்ப எடுத்துக்கொண்டது. அது நியாயம், விற்பனையே இல்லை என்றான பிறகு கமிஷன் ஏது என்று அவளே சொன்னாள். ஆனால் வங்கி ஒருமுறை எடுத்த கூலியைத் திருப்பித் தருவதில்லையாம். அதையும் அவள் தலையில் கட்டினார்கள். வருடக் கடைசியில் அவள் பெயருக்கு நேரே கழித்தல் குறி போட்டு ஒரு தொகை வந்தது. ஒரு மாதம் முழுக்கக் கத்தி, தொண்டைக்கு இஞ்சித் தண்ணீர் குடித்துக் குடித்து விற்றதற்கு, அவள் கம்பெனிக்குக் கடன்.

மறுநாள் ஜீப்னி வண்டி ஏறி மந்துரியாவோவில் இருந்த அலுவலகத்துக்குப் போனாள். மேலாளர் அர்வின் சுமாகுவே முப்பத்தைந்து வயது ஆள், மரியாதை தெரிந்தவன். காபி வரவழைத்தான். அது நாங்கள் எடுப்பதில்லை, வங்கி எடுக்கிறது, எங்கள் பைக்கு ஒரு செந்தாவோகூட வருவதில்லை என்று பொறுமையாகச் சொன்னான்.

"யார் எடுக்கிறாங்கன்னு நான் கேக்கல சார். யாருகிட்டேருந்து எடுக்கிறாங்கன்னு கேக்கறேன்" என்றாள் நீடா. "நூறு பேசோவுக்கு வித்தா தொண்ணூத்திரண்டு உங்களுக்கு, எட்டு எனக்கு. கார்டு தேய்க்கறது அந்த நூறுக்கும் சேர்த்துத்தானே. கூலி மட்டும் ஏன் என் எட்டுலேருந்து போவுது?"

அவன் முகம் மாறவில்லை. அவனுக்கு அது தெரியாததில்லை. "நீங்க சொல்றது கணக்குப்படி சரிதான், மேடம் நீடா. ஆனா நீங்க கையெழுத்துப் போட்டதுல அப்படித்தான் இருக்கு. கார்டு வந்ததாலதான் உங்க விற்பனையே இவ்வளவு ஏறிச்சு, அதையும் யோசிங்க. நம்ம எல்லாரும் பார்ட்னர். செலவுலயும் பங்கு எடுத்துக்கணும்."

"பங்கு எடுத்துக்கறேன். நான் மாட்டேங்கல. லாபத்துல எட்டுப் பங்குன்னா செலவுலயும் எட்டுப் பங்கு போடுங்க. லாபத்துல எட்டு, செலவுல நூறுன்னா அதுக்குப் பேரு என்ன சார்?"

அவன் காபியைத் தள்ளி வைத்தான். மணிலாவில் எடுத்த முடிவு, தன் கையில் ஒன்றும் இல்லை என்றான். பிறகு, இதே வேலைக்கு வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னான். மிரட்டலாகச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது.

அவள் எழுந்தாள். "நான் சூதாட்டக் களத்துல வேல பாத்தவ. அங்ககூடத் தோத்தவன்கிட்ட கமிஷன் புடுங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, காபியைத் தொடாமல் வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் செல்போன் முன்னால் உட்கார்ந்தாள். வாணலியை எடுத்தாள். விலை சொன்னாள். அதன் பிறகு, யாரையும் திட்டாமல், நடந்ததைச் சொன்னாள். ரொக்கமாகக் கட்டினாலும் இதே விலைதான், கார்டில் கட்டினாலும் இதே விலைதான். வித்தியாசம் உங்களுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மட்டும்தான். ஆகவே கையில் காசு இருக்கிறவர்கள் காசாகவே கொடுங்கள், சரக்கு வரும்போது கட்டிலுக்கடியில் ஒளியாதீர்கள் என்றாள். திரையில் சிரிப்புப் படங்கள் ஓடின. ரியாத்திலிருந்து ஒரு நர்ஸ், நான் இங்கிருந்து எப்படி மானாங் ரொக்கம் கொடுப்பேன் என்று வருத்தமாக எழுதினாள்.

"நீ கார்டே தேய்டி கண்ணு. பன்னண்டு மணி நேரம் நின்னு வேல பாத்துட்டு அம்மாவுக்கு விசிறி வாங்கற. உன்ன நான் சொல்லுவேனா" என்றாள் நீடா.

அன்று விற்றதில் முக்கால்வாசி ரொக்கம். சொன்னபடி சரக்கு போனபோது யாரும் ஒளியவில்லை. இரண்டு மூன்று நாள் இப்படி ஓடியது. நான்காம் நாள், அவள் விற்கும் இணையப் பக்கம் திறக்கவில்லை. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்தாள். எல்மர் அடித்துப் பார்த்தான். ஜெமலின் வந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். பக்கம் கம்பெனியின் பெயரில் பதிவானது, அவர்கள் பூட்டிவிட்டார்கள். முப்பதாயிரம் பேர், அவள் ஒவ்வொருவராகச் சட்டை நிறம் சொல்லிக் கூப்பிட்டுச் சேர்த்தவர்கள், பூட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

அன்று முழுக்கத் துணி துவைத்தாள். துவைத்ததையே மறுபடி துவைத்தாள். எல்மர் பக்கத்தில் வந்து நின்று, அர்வினிடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் திறந்துவிடுவார்கள் என்று மெல்லச் சொன்னபோது, அவள் ஈரத் துணியை உதறிய உதறலில் அவன் மேல் தண்ணீர் தெறித்தது.

ஜனவரியில் தினாக்யாங் திருவிழா. ஊரே உடம்பில் கரி பூசிக்கொண்டு மேளம் அடிக்கிற வாரம். சிலாக்குக்கு அதுதான் பெரிய விற்பனை. அதற்கு முன்னால் விற்பவர்கள் எல்லோரையும் ஒரு விடுதிக் கூடத்துக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு உற்சாகப்படுத்துவார்கள். நீடாவுக்கு அழைப்பு இல்லை. ஜெமலினோடு போனாள். வாசலில் நின்ற காவலாளி பழைய சேவற்கட்டு ஆள். ஒரு காலத்தில் அவளிடம் சிவப்புச் சேவலின் மேல் கட்டியே சம்பளத்தைத் தொலைத்தவன். அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் அர்வின் பேசினான். இந்தத் திருவிழாவில் எல்லாமே தவணை, எல்லாமே கார்டு, இலக்கைத் தொடுபவருக்கு ஹாங்காங் பயணம் என்றான். கைதட்டினார்கள். கேள்வி ஏதாவது உண்டா என்று, வழக்கத்துக்காகக் கேட்டான்.

நீடா எழுந்தாள். ஒலிவாங்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

"கார்டு வந்ததுக்கப்புறம், முன்னவிட அதிகமா வித்துட்டுக் கம்மியா வாங்கினவங்க கையத் தூக்குங்க."

அர்வின் கண்ணசைக்க, ஒரு பையன் அவளை நோக்கி நடந்து வரத் தொடங்கினான். முதலில் ஜெமலின் கை தூக்கினாள். பிறகு விரிப்பு விற்கும் ஒரு விதவை. பிறகு பள்ளி வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்த ஓர் ஆள். அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. அந்தப் பையன் பாதி வழியில் நின்றுவிட்டான்.

"திரும்பி வந்த பானைக்கும் கூலி கட்டினவங்க இறக்காதீங்க" என்றாள். பெரும்பாலான கைகள் அப்படியே நின்றன. அவற்றை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு, "எனக்கு இங்க வேலை இல்ல. என் பக்கத்தப் பூட்டிட்டாங்க. அதனால எனக்குப் பயமும் இல்ல. உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். திருவிழா வாரம் யாரும் செல்போன எடுக்காதீங்க. வித்தாதானே கூலி. விக்காம இருந்து பாப்போம், அவங்களுக்கு எவ்வளவு செலவாகுதுன்னு" என்றாள்.

தானாகவே வெளியே நடந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை.

எல்லோரும் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், மாமியாருக்கு டயாலிசிஸ் என்று சிலர் விற்றார்கள். அவர்களை யாரும் ஏசக்கூடாது என்று நீடா ஜெமலின் மூலம் சொல்லியனுப்பினாள். ஆனால் பாதிக்கு மேல் பேர் செல்போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு மேளம் பார்க்கப் போனார்கள். திருவிழா முடிந்த திங்கட்கிழமை சிலாக் கிடங்கில் விசிறிப் பெட்டிகள் கூரை வரை நின்றன என்று அங்கே மூட்டை தூக்குபவன் வந்து சொன்னான்.

அந்த வாரமே அர்வின் அவள் வீட்டுக்கு வந்தான், ஒரு டப்பா பிஸ்கோச்சோ ரொட்டியோடு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, புதிய கூரையைப் புகழ்ந்துவிட்டு, விஷயத்துக்கு வந்தான். அவள் பக்கத்தைத் திறந்துவிடுகிறார்கள். முப்பதாயிரம் பேரும் அப்படியே இருக்கிறார்கள். அவளுடைய கமிஷனில் கார்டுக் கூலி இனிப் பிடிக்கமாட்டார்கள். எட்டுக்கு எட்டும் அவளுக்கு. ஒரே ஒரு நிபந்தனை, இதை வெளியே சொல்லக்கூடாது.

"மத்தவங்களுக்கு?"

"ஒவ்வொண்ணா பாப்போம், மேடம். முதல்ல நீங்க வாங்க."

சமையலறையில் எல்மர் மூச்சுவிடாமல் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கையிருப்பு கரைந்துவிட்டது, அரிசியைச் சந்துக் கடையில் கடனுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிடம் ஆசை வந்தது உண்மை என்று பின்னால் ஜெமலினிடம் சொன்னாள். சரி என்று சொல்ல வாய் திறந்தேவிட்டதாம்.

"ரகசியமாக் குடுக்கறீங்கன்னா அது என் கூலி இல்ல சார். என் வாய்க்குப் பூட்டு. பக்கத்துக்குப் போட்ட பூட்டக் கழட்டி இங்க மாட்டப் பாக்கறீங்க" என்றாள். "எல்லாருக்கும் குடுங்க. நான் வராட்டியும் பரவாயில்ல."

அர்வின் எழுந்து போனான். பிஸ்கோச்சோ டப்பாவை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனதை, அவள் சந்து முனை வரை துரத்திக்கொண்டு போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

எல்மருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊராருக்காக நம்ம அடுப்ப அணைச்சிட்டியே."

"ஊராருக்கில்ல. இன்னிக்கு எனக்கு மட்டும் குடுத்தவன் நாளைக்கு எனக்கு மட்டும் நிறுத்துவான். அப்ப எனக்காகக் கைதூக்க யாரு இருப்பா" என்றாள். அவன் சமாதானமாகவில்லை. ஆனால் மறுநாள் முதல் பட்டறைக்கு முழுநாளும் போனான்.

அடுத்த மாதம் சிலாக் ஓர் அறிவிப்பு அனுப்பியது. திரும்பி வரும் சரக்குக்கு இனிப் பார்ட்னர்களிடம் கார்டுக் கூலி பிடிக்கப்படாது. தவணைக்கான கூலியில் பாதியைக் கம்பெனி ஏற்கும். மற்றபடி பழைய வழக்கமே தொடரும். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. விரிப்பு விற்கும் விதவை அவளைத் தேடி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேறு சிலர், இவளால்தான் திருவிழா வருமானம் போயிற்று என்று இன்றும் பேசுவதில்லை. நீடாவின் பக்கம் திறக்கவே இல்லை. அதில் இப்போது இளைய பெண் ஒருத்தி இவளைப் போலவே சட்டை நிறம் சொல்லிக் கூவுகிறாள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் பார்த்தாள். குரல் போதாது என்றாள்.

பக்கத்து ஊரான ஓதோனில் வாணலி வார்க்கிற ஒருவரிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து, தன் பெயரிலேயே ஒரு பக்கம் திறந்தாள். முதல் நாள் பார்த்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. அவர்களில் அந்த ரியாத் நர்ஸ் இருந்தாள். கூட்டம் மெல்ல மெல்லக் கூடியது. சில மாதத்தில் ஜெமலினும் சிலாக்கை விட்டுவிட்டு வந்து இவளுக்காக விற்க ஆரம்பித்தாள். நூற்றுக்குப் பத்து அவளுக்கு.

கார்டு இல்லாமல் தொழில் நடக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களுக்கு வேறு வழியில்லை. வங்கி தன் மூன்றை நீடாவிடமும் தவறாமல் எடுத்தது. ஜெமலின் வந்த முதல் மாதக் கடைசியில் இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது, கூலியைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாமே என்று ஜெமலின் சொன்னாள். அன்றைய நிலையில் நீடாவுக்கு அது பெரிய உதவிதான். ஓதோன்காரருக்குத் தவணை பாக்கி இருந்தது.

"பாதி உனக்கு எதுக்கு இண்டாய்? பத்து வாங்கறவ பத்துப் பங்கு போடு. தொண்ணூறு வாங்கறவ தொண்ணூறு போடறேன்" என்றாள் நீடா. தன்னைவிட இளைய பெண்ணை அங்கே இண்டாய் என்பார்கள்.

சொல்லிவிட்டாளே தவிர, கார்டுக் கூலியென்று அந்தத் தொகை கண்ணெதிரே போகும்போது அவளுக்குப் பொறுக்கவில்லை. வங்கிக்காரனின் அப்பனிலிருந்து பாட்டன் வரை, சேவற்கட்டில் கற்ற அத்தனை வார்த்தைகளாலும் வைதாள். ஜெமலின் சிரித்துச் சிரித்து மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வெளியே எல்மர் வண்டியிலிருந்து வாணலிகளை இறக்கி அடுக்கும் சத்தம் கேட்டது. மணி ஏழாகப் போகிறது என்று அவன் குரல் கொடுத்தான். நீடா எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, செல்போனைக் கம்பில் மாட்டப் போனாள்.